உடலின் குப்பையும் உயிரின் உதிர்ப்பும்



பன்னிரு சிந்தனைகளுள் ஆறாவதாக நிற்பது அசுசி சிந்தனை. எலும்பும் தசையும் குருதியும் கூடி, தோலால் மூடப்பெற்று, வாயில்கள்தோறும் மலம் ஒழுக நிற்கும் இவ்வுடல் தூயதன்று என்று உன்னி, அதன்மேல் வைத்த பற்றைத் தளர்த்துவதே அச்சிந்தனையின் பயன். ஒன்பதாவதாக நிற்பது நிர்ஜரை சிந்தனை. ஆன்மாவோடு கட்டுண்ட வினைத்துகள் உதிர்வதை உன்னுவது அது. இரண்டுக்கும் நடுவே ஊற்றும் செறிப்பும் வைக்கப்பட்டுள்ளன. இந்த வரிசை காரணமின்றி அமைந்ததன்று.

சாமாயிகத்தில் அமரும் நம்மவருள் பலர் இப்பன்னிரண்டையும் நாள்தோறும் ஓதுகின்றனர். ஆயினும் அசுசி சிந்தனையை உடல்மேல் அருவருப்பை வளர்க்கும் பாடமாகக் கொள்வாரும் உளர். அவ்வருவருப்பு தம் உடலோடு நில்லாமல், நோயுற்ற பிறர் உடல்மேலும் சென்று பாய்கிறது. இதனால் நேரும் தீங்கைப் பின்னர்ச் சொல்வோம். அதற்கு முன்பு, தூயதல்லாத இவ்வுடல் தன் குப்பையை எவ்வாறு கையாளுகிறது என்பதை, அதன் மிகச் சிறிய அறைக்குள் நுழைந்து காண்போம். அந்த அறையின் பெயர் உயிரணு. பள்ளிப் பிள்ளைகள் செல் என்பர்.

நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில், உயிரணுவைக் காட்ட வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியின் கீழ் வைப்பதே எங்கும் வழக்கம். நம் கை வெங்காயத்துக்குச் செல்லாது. ஆகவே தோட்டத்து ரியோ செடியின் இலையைப் பறித்து, அதன் அடிப்புறத்து ஊதா நிறத் தோலை மெல்ல உரித்து வைப்போம். பார்வைக்கு அது வெங்காயத்தினும் சிறந்தது. கட்டம் கட்டமான அறைகள். அறைதோறும் ஊதா நீர். அதன்மேல் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால், ஊதா நீர் சுவரை விட்டு விலகி நடுவில் சுருங்கும். அந்த ஊதா நீரைத் தன்னுள் வைத்திருக்கும் பையே நுண்குமிழ். வாக்குவோல் என்று பாடநூல்களிற் காணலாம்.

வளர்ந்த தாவர உயிரணுவின் கொள்ளளவில் பத்தில் எட்டு ஒன்பது பங்கையும் இந்த ஒரு பையே பிடித்துக்கொள்வதுண்டு. கரும்பின் இனிப்பு இதில் இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பும் இதில்தான். சேம்பின் இலையைப் பச்சையாகக் கடித்தவர் நாக்கு அரித்து வருந்துவதற்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் இத்தகைய பைக்குள்ளேதான் அடுக்கப்பட்டுள்ளன. துவரையிலும் பயற்றிலும் இதே பை புரதக் களஞ்சியமாகிறது. விதை நீர் உண்டு முளைக்கத் தொடங்கியதும், அந்தப் புரதத்தை உடைக்கும் நொதிகள் அதே களஞ்சியத்துக்குள் வந்து சேருகின்றன. சேர்த்தவை யாவும் கரைந்து முளைக்கு ஊட்டமாகின்றன. பூட்டி வைத்தது உரிய நாளில் திறவாவிட்டால் அந்த விதைக்கு அது களஞ்சியமாகாது, சுமைதான். பரிக்கிரக அளவு நோன்பு ஏற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். நாம் இங்கு அதனை விரிக்கவில்லை.

இனி விலங்குடலுக்கும் மனித உடலுக்கும் வருவோம். நம் உயிரணுவில் அத்தகைய பெரும்பை இல்லை. அதற்கு ஈடாக நூற்றுக்கணக்கான சிறு பைகள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த வரலாறு சுவையானது.

பெல்ஜியம் நாட்டு லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் தெ துவே என்பவர் இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் கல்லீரலை அரைத்து, மையவிலக்கு இயந்திரத்திற் சுழற்றிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த நொதி எவ்வளவு உள்ளது என்று அளப்பது அவர்தம் முறை. இவ்வாய்வுகளில் எத்தனையோ எலிகள் உயிரிழந்தன. கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட நாம் இதைச் சொல்லாது கடந்து செல்ல இயலாது. அதனாற் கிடைத்த அறிவு இன்று குழந்தைகளைக் காக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

1949-ஆம் ஆண்டின் இறுதியில், ஆசிட் பாஸ்ஃபடேஸ் என்னும் ஒரு நொதியின் வேலை, எதிர்பார்த்ததிற் பத்தில் ஒரு பங்கே தென்பட்டது. அந்தக் கலவையை எறியாமற் குளிர்பதனப் பெட்டியில் வைத்தனர். ஐந்து நாள் கழித்து அளந்தபோது நொதியின் வேலை முழு அளவுக்கு உயர்ந்திருந்தது! முதல் அளவை கைத்தவறு என்று சொல்லி ஒதுக்கிவிடுதல் எளிது. தெ துவே அவ்வாறு செய்யவில்லை. நொதி முதல் நாளும் முழு அளவிற்கு இருந்தது. ஆனால் மெல்லிய சவ்வுப் பைக்குள் அடைபட்டிருந்தது. நாள்பட்டுப் பை கிழிந்ததும் வெளிப்பட்டது என்று கண்டார். 1955-இல் அப்பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டனர். 1974-இல் அவருக்கும், உயிரணுவின் உட்கட்டமைப்பை ஆராய்ந்த ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பாலடே ஆகிய இருவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

கிரேக்க மொழியில் ‘லைசிஸ்’ என்றால் கட்டு அவிழ்தல், கரைதல். ‘சோமா’ என்றால் உடல். கட்டு என்றும் வீடு என்றும் தத்துவங்களுக்குப் பெயர் வைத்த தமிழர்க்கு, அவிழ்ப்பதைத் தொழிலாகக் கொண்ட உறுப்பின் பெயர் அந்நியமாகத் தோன்றாது. நம் பாடநூல்களோ அதற்குத் ‘தற்கொலைப் பைகள்’ என்று பெயர் சூட்டி, பிள்ளைகள் மனத்தில் அச்சத்தைப் பதித்துவிட்டன. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு அப்பெயர் உதவும், அதற்குமேல் உதவாது. அப்பையின் அன்றாடத் தொழில் கொல்வதன்று, அவிழ்ப்பது.

அத்தொழில் நடைபெறும் முறையைச் சற்றே நோக்குவோம். அப்பைக்குள் ஏறத்தாழ 60 வகை நொதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒருவகைக் கட்டை மட்டுமே அறுக்கும். புரதத்தை அறுப்பது கொழுப்பைத் தொடாது. கொழுப்பை அறுப்பது சர்க்கரைத் தொடரைத் தொடாது. பைக்குள் அமில நிலை. பைக்கு வெளியே உயிரணுவின் பொதுவிடம் ஏறத்தாழ நடுநிலை. நொதிகள் அமிலத்தில்தான் திறம்படத் தொழில் செய்யும். ஆகவே ஒரு சிறு பை கிழிந்து சில நொதிகள் வெளியே சிந்தினாலும் பெரும்பாலும் கேடு விளைவதில்லை. சவ்வு ஒரு காவல், அமிலம் மற்றொரு காவல். அந்த அமில நிலையும் தானாக நிலைப்பதன்று. சவ்வில் பதிந்த நுண்பொறிகள் ஓயாது ஆற்றலைச் செலவிட்டு அதனைக் காத்துவருகின்றன. உடைப்பதற்கும் உழைப்பு வேண்டும் என்பதை மறவாதிருப்போமாக. இது பின்னர்த் தேவைப்படும்.

உடைந்தவை குப்பைக்குப் போவதில்லை. புரதம் அமினோ அமிலமாகவும், சர்க்கரைத் தொடர் தனிச் சர்க்கரையாகவும் ஆனபின், சவ்விலுள்ள வாயில்கள் வழியே வெளியேறி மீண்டும் கட்டுமானத்துக்குப் பயன்படுகின்றன. நம் குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் உடலில் நொடிக்கு 20 இலட்சம் சிவப்பணுக்கள் அளவில் முதுமையுற்று நீக்கப்படுகின்றன. மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு அணுக்கள் அவற்றை உண்டு, லைசோசோமில் இட்டுப் பிரிக்கின்றன. இரும்பு சேமிக்கப்பட்டு அடுத்த அணுவுக்குச் செல்கிறது. நிறமிப் பொருள் பித்தநீரோடு குடலுக்குச் சென்று மலத்துக்கு நிறம் தருகிறது. நாம் முகம் சுளிக்கும் பொருளின் நிறம், நேற்றுவரை நம் குருதியின் சிவப்பாக இருந்தது! அசுசி சிந்தனைக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

வெளியிலிருந்து வந்ததை மட்டுமன்றித் தன்னுள்ளே பழுதுற்ற பகுதிகளையும் உயிரணு இவ்வாறே உண்கிறது. பழுதான உறுப்பைச் சுற்றி ஒரு சவ்வு எழுந்து, அதனை மூடி, லைசோசோமிடம் கொண்டு சேர்க்கிறது. 1963-இல் தெ துவே இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயரிட்டார். தன்னுண்ணல் என்று தமிழிற் சொல்லலாம். இது நடைபெறும் வழியைத் தெளிவாக்கியவர் ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி. அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட் என்னும் நொதிக்காளான். அதன் நுண்குமிழில் வந்து விழுபவை நொடியிற் கரைந்துபோவதால் எதையும் காண இயலவில்லை. ஆகவே கரைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைத் தேர்ந்து, ஊட்டமின்றிப் பட்டினியிட்டார். சில மணி நேரத்திற்குள் நுண்குமிழ் நிறையச் சிறு உருண்டைகள் கரையாமற் குவிந்து, சாதாரண நுண்ணோக்கியிலேயே தென்பட்டன. 1992-இல் இதனை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இதற்குத் தேவையான மரபணுக்களை இனங்காட்டினார். 2016-இல் அவர்க்குத் தனியே நோபல் பரிசு கிடைத்தது.

அன்று முதல் நம் இல்லங்களில் ஒரு பேச்சு உலவுகிறது. ‘உபவாசம் இருந்தால் உடல் தன் குப்பையைத் தானே தின்று தூய்மையாகிறதாம். நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். நம் முன்னோர் அன்றே கண்டார்கள்!’ தசலட்சணப் பருவத்தில் இளைஞர்கள் இதைச் சொல்லி மகிழ்வதைக் கேட்டோம். அவர்கள் ஆர்வம் போற்றற்குரியது. ஆயினும் பேச்சின் அடிப்படையைச் சற்று ஆய்தல் வேண்டும்.

ஓசுமி பரிசு பெற்றது ஈஸ்ட்டில் அவ்வினை எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்கியதற்கு. மனிதர் எத்தனை நாள் உண்ணாதிருக்க வேண்டும் என்று அவர் நாள் குறிக்கவில்லை. தன்னுண்ணல் நன்றாக உண்டவர் உடலிலும் ஓயாது நடைபெறுகிறது. பசியில் மிகுகிறது, அவ்வளவே. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் இப்பேச்சை நம்பி மருத்துவரைக் கேளாமல் நீள உபவாசம் ஏற்றால், சர்க்கரை அளவு தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.

அதனினும் பெரியது நோக்கம் பற்றிய கேள்வி. உபவாசம் என்னும் சொல்லுக்கு அருகில் வதிதல் என்பது பொருள். எதன் அருகில்? தன் ஆன்மாவின் அருகில். உடல் தூய்மையாகும், மேனி மினுக்கும், ஆயுள் நீளும் என்று விரும்பி இருக்கும் பட்டினி, உடலின் அருகில் வதிதலேயாகும். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இரண்டாவது அவாவின்மை. நோன்புக்கு விலையாக உலகியற் பயனை வேண்டாமை என்பது அதன் கருத்து. ஆய்வுக்கூடம் ஒப்பியதால் நோன்பு ஏற்றவர், நாளை ஆய்வுக்கூடம் வேறு சொன்னால் நோன்பை விட்டுவிடுவார். அஷ்டமியும் சதுர்த்தசியும் நோபல் பரிசுக்கு முன்பும் வந்தன.

மேலும் ஒன்று. பட்டினியில் மிகும் தன்னுண்ணல், நோன்பியின் உடலிலும் நிகழும். சோறின்றிக் கிடக்கும் ஏழையின் உடலிலும் நிகழும். திருடி அகப்பட்டுச் சிறையில் உணவு மறுத்துக் கிடப்பவன் உடலிலும் நிகழும். அதுவே நிர்ஜரையானால் தவம் எதற்கு, காட்சி எதற்கு? விரும்பாமல் வந்த துன்பத்தைப் பொறுப்பதால் நேரும் உதிர்ப்பை அகாம நிர்ஜரை என்று சான்றோர் தனியே பிரித்து வைத்தனர். அது வீட்டு நெறியின் உதிர்ப்பன்று.

உயிரணுவிற் காண்பதை வினைக்கு உவமையாகக் கொள்ளலாம், வினையாகவே கொள்ளலாகாது. கர்மப் புத்கலம் எந்த நுண்ணோக்கியிலும் படாத நுண்மையுடையது என்பது நம் கொள்கை. லைசோசோமோ படம் எடுக்கப்பட்ட பருப்பொருள். இவ்வரம்பை நினைவிற் கொண்டால், உவமை நன்கு பயன்படும். சான்றோர் உதிர்ப்பைச் சவிபாகம், அவிபாகம் என இரண்டாக வகுத்தனர். வினை தன் காலத்திற் பழுத்துப் பயன் தந்து உதிர்வது சவிபாகம். மரத்திலே பழுத்து விழும் மாங்கனி போல. தவத்தால் காலத்துக்கு முன்பே பக்குவப்படுத்தி உதிர்ப்பது அவிபாகம். வைக்கோலில் இட்டுப் பழுக்கவைத்த கனி போல. முன்னது எல்லா உயிர்க்கும் நாள்தோறும் நடைபெறுகிறது. பின்னதற்கு உழைப்பு வேண்டும். அமில நிலையைக் காக்க ஓயாது ஆற்றல் செலவிடும் அந்தச் சிறு பையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் உதிர்வதுமில்லை. நரம்பணுவும் இதயத் தசையணுவும் பிளவுற்றுப் பெருகுவன அல்ல. ஆகவே லைசோசோமாற் கரைக்க இயலாத எச்சம் ஆண்டுதோறும் அவற்றிற் சேர்ந்து, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத் துகள்களாக நிற்கிறது. லிப்போஃபஸ்சின் என்பது அதன் பெயர். முதுமைத் துகள் எனலாம். எழுபதைக் கடந்த நமக்கு அது மிகுதியாகவே இருக்கும். பிறந்த நாள் முதல் பெருக்கிக்கொண்டே இருந்தும் மூலையில் தங்கிவிட்ட தூசி அது.

முதுமையில் மெல்லச் சேர்வது இவ்வாறிருக்க, பிறந்த சில திங்களிலேயே பை நிறைந்துவிடும் குழந்தைகளும் உள்ளனர்.

1932-இல் ஆம்ஸ்டர்டாமில் யோவான்னஸ் பாம்பே என்னும் மருத்துவர், ஏழு திங்கள் பெண்குழந்தை ஒன்றின் இறப்பை ஆராய்ந்தார். இதயம் பெரிதும் வீங்கியிருந்தது. தசைகளெங்கும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைத் தொடர் திணிந்து கிடந்தது. இந்த மருத்துவர் உலகப்போரின்போது, தம் நாட்டை ஆக்கிரமித்தோரை எதிர்த்த இயக்கத்திற் பங்கு கொண்டதற்காக 1945 ஏப்ரலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தாம் கண்ட நோயின் காரணத்தை அறிய அவர் இருக்கவில்லை. இரத்தத்திற் சர்க்கரை அளவு சரி. கிளைக்கோஜனை உடைக்கும் பொதுவிட நொதிகளும் சரி. பின் ஏன் குவிகிறது? முப்பது ஆண்டு விடை இல்லை. 1963-இல் தெ துவேயின் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஹெர்ஸ் விடை கண்டார். லைசோசோமுக்குள் கிளைக்கோஜனை அறுக்கும் ஒரே ஒரு நொதி அக்குழந்தைகட்கு இல்லை. மற்ற நொதிகள் யாவும் இருந்தன. அந்த ஒன்று இல்லாமையால், உள்ளே வந்த கிளைக்கோஜன் வெளியேற வழியின்றிப் பை வீங்கி, தசையையே சிதைத்தது.

இவ்வாறு ஒவ்வொரு நொதியின் குறையாலும் ஒவ்வொரு நோய் வருகிறது. இன்று 50-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. சேமிப்பு நோய்கள் என்பது அவற்றின் பொதுப்பெயர். சேமிப்பு என்பது செல்வத்துக்கு அழகிய சொல். இங்கோ அதுவே நோயின் பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சிற்றூர் ஜினாலயத்தில் அபிஷேகம் காணச் சென்றிருந்தோம். இத்தகைய நோயுள்ள ஒரு குழந்தையைத் தாய் தோளிற் சாய்த்து நின்றாள். கழுத்து நிற்கவில்லை, கைகால் துணிபோலத் தொங்கின. அருகிலிருந்த மூதாட்டி, தாயின் காது கேட்கவே, ‘எந்த ஜென்மத்து வினையோ, இந்தப் பிஞ்சு வந்து அனுபவிக்குது’ என்றார். மற்றொருவர், ‘பெத்தவங்க என்ன செஞ்சாங்களோ’ என்றார். தாய் ஒன்றும் பேசாமற் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளி மண்டபத்துக்குச் சென்றுவிட்டாள். அபிஷேகத்தை அவள் காணவில்லை.

அம்மூதாட்டியர் தீயவர் அல்லர். வினைக் கொள்கையைத் தாம் எடுத்துரைப்பதாகவே கருதினர். நாம் இங்கே கேட்பது, அவர்கள் உரைத்தது ஜினதர்மமா என்பதே.

துன்பம் அசாதா வேதநீய வினையின் உதயம் என்பது நம் ஆகமம். அதனை மறுப்பார் இலர். ஆனால் எந்த உயிர்க்கு, எந்தப் பிறவியில், எச்செயலால் அவ்வினை கட்டுண்டது என்று அறிபவர் யார்? கேவலஞானி ஒருவரே. அவதிஞானம் பெற்ற முனிவர்க்கும் எல்லை உண்டு. மண்டபத்தில் அமர்ந்து கற்பூரம் எடுத்து வைக்கும் நமக்கு அந்த ஞானம் எங்கிருந்து வந்தது? ‘பெற்றவர் என்ன செய்தனரோ’ என்ற பேச்சோ கொள்கைக்கே முரண். ஒருவர் செய்வினையை மற்றொருவர் நுகரார் என்பதே நம் சமயத்தின் உறுதியான முடிவு. பெற்றோரின் பாவம் பிள்ளைக்கு வந்தது என்பவர், தம்மை அறியாமல் வேறொரு கொள்கையைப் பேசுகிறார்.

இன்னும் கூர்ந்து நோக்குவோம். தத்வார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் ஊற்றைப் பற்றியது. அசாதா வேதநீயம் எவற்றால் ஊறுகிறது என்று உமாசுவாமி அங்கே எண்ணிச் சொல்கிறார்: துன்பம், துயரம், மனவேதனை, அழுகை, வதை, புலம்பல். இவற்றைத் தன்னிடம் விளைப்பதும், பிறரிடம் விளைப்பதும், இருவரிடமும் விளைப்பதும் அவ்வினையின் வாயில்கள். ஆகவே, நோயுற்ற குழந்தையின் தாயை வினை பேசி அழவைத்தவர், எந்த வினையைச் சுட்டிக்காட்டினாரோ அதே வினையைத் தமக்கு அப்பொழுதே ஊற்றிக்கொள்கிறார். அடுத்த சூத்திரம் உயிர்கள்மேல் இரக்கத்தைச் சாதா வேதநீயத்தின் வாயிலாக வைக்கிறது. இரண்டும் அடுத்தடுத்தே நிற்கின்றன.

குழந்தைக்கு நோய் வந்த உடல்வழிக் காரணத்தையும் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். பாம்பே நோயில் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக, பழுதுற்ற இரண்டு மரபணுப் பிரதிகள் சேரவேண்டும். ஒன்று மட்டும் உடையவர் நலமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதே அறியார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. சேமிப்பு நோய்களுட் பெரும்பாலானவை இவ்வகையே. தாய்வழி மட்டும் ஆண்மக்களைத் தாக்குவன சிலவும் உண்டு. உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், ஒரே மூதாதையின் பழுது இருபுறமும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. மாமனும் அக்காள் மகளும் மணந்தால் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணு பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் இவ்வழக்கம் நெடுநாளையது. எண்ணிக்கையிற் சிறிய சமூகமாகிய நமக்குள் சுற்றிச் சுற்றி உறவாகவே இருப்பதையும் மறுக்க இயலாது. நிலமும் வீடும் பிரியாதிருக்கவும், பெண் கண்ணெதிரில் இருக்கவும் செய்த ஏற்பாடு அது. முன்னோரைக் குறை கூறிப் பயனில்லை.

பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், குடும்பத்தில் முன்பு இத்தகைய குழந்தை பிறந்திருந்தால், மணம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறலாகாதா? இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. கருவுற்ற பின்னர்ச் சோதித்து நோய் தெரிந்தால், உயிர்க்கொலைக்கு அஞ்சும் நம் குலத்துப் பெண் எத்தகைய முடிவின் முன் நிறுத்தப்படுவாள் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தில் அவளை நிறுத்தாமலிருப்பதே அகிம்சையின் பாற்படும். நோய் மறைக்கப்படும் வீட்டில் இது நடவாது. தங்கைக்கு வரன் வாராது என்று அஞ்சி அண்ணன் குழந்தையின் நோயை மறைப்பதற்குக் காரணம், நாம் மண்டபத்திற் பேசும் அந்தப் பேச்சுத்தான்.

மருத்துவம் அறவே இல்லை என்றும் இருந்துவிட வேண்டாம். காஷே என்னும் சேமிப்பு நோய்க்கு, இல்லாத நொதியை வெளியிலிருந்து செலுத்தும் முறை 1991-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாம்பே நோய்க்கு அது 2006-இல் வந்தது. இரு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியே ஏற்றவேண்டும். வாழ்நாள் முழுதும் ஏற்றவேண்டும். விலையோ மிக அதிகம். இந்திய அரசு 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022-இல் ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவ வகை செய்தது. வாழ்நாள் சிகிச்சைக்கு அத்தொகை போதாது. எனினும் விண்ணப்பிக்கவே அறியாத குடும்பங்கள் உள்ளன. ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வோர் ஊரிலும் நமக்கு உண்டு.

அகத்தவம் ஆறனுள் ஒன்று வையாவிருத்தியம். நோயுற்ற தவசிகட்குச் செய்யும் தொண்டையே நூல்கள் முதன்மையாகச் சொல்கின்றன. தவத்தால் உதிர்ப்பு நிகழும் என்று சொல்லும் அதே அத்தியாயத்தில் இதுவும் தவமாக எண்ணப்பட்டுள்ளது. உண்ணாமை புறத்தவத்தில் முதலாவது. தொண்டு அகத்தவத்தில் மூன்றாவது. பருவ நாளில் உண்ணாமையைக் கணக்கெடுத்துப் பாராட்டும் நாம், பின்னதைக் கணக்கெடுப்பதில்லை.

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், நற்காட்சியின் மூன்றாம் உறுப்பாகிய அருவருப்பின்மைக்கு உத்தாயன மன்னனை எடுத்துக்காட்டாகக் குறிக்கிறது. கதை நீங்கள் அறிந்ததே. தேவன் ஒருவன் அவனைச் சோதிக்க எண்ணி, உடலெங்கும் நோய் கொண்ட முனிவனாக வந்தான். மன்னன் தன் கையால் ஆகாரம் அளித்தான். உண்ட முனிவன் அவ்வளவையும் அங்கேயே வாந்தியெடுத்தான். நாற்றம் தாளாமல் பணியாளர் ஓடினர். மன்னனும் அரசி பிரபாவதியும் ஓடவில்லை. தாம் அளித்த உணவில் ஏதோ ஒவ்வாதது இருந்துவிட்டதே என்று தம்மையே நொந்துகொண்டு, நீர் கொணர்ந்து முனிவன் உடலைக் கழுவினர். அவன் முன்வினை என்னவென்று அவர்கள் வினவியதாகக் கதையில் இல்லை.

அசுசி சிந்தனையை நாள்தோறும் ஓதியவர்கள் அவர்கள். உடல் தூயதன்று என்று தெளிந்தவர்க்கு, ஓர் உடலை விட மற்றோர் உடல் அருவருப்பாகத் தோன்ற இடமேது? இராணியின் உடலிலும் நொடிதோறும் இலட்சக்கணக்கான அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. நோயாளியின் உடலிலும் அவ்வாறே. பையில் ஒரு நொதி குறைந்தவர், குறையாதவர் என்பதே வேறுபாடு.

வரும் பருவத்தில் அந்தத் தாய் மீண்டும் ஜினாலயம் வரக்கூடும். தோளில் வளர்ந்த பிள்ளை கனக்கும். கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பால் புரையேறாதபடி சற்று நிமிர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் தெரிந்தால் போதும், எவரும் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். அபிஷேகம் முடிய அரைமணி நேரம் ஆகும். அவள் முன்வரிசையில் நின்று காணட்டும்.